ஒரு ஊசிக்குத்து வேணும்

நவம்பர் 4, திங்கள்

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பரீட்சை வருகிறது. வெள்ளியும் சனியும் வேற்று மாநிலத்தில் இருந்து இரண்டு பேர் தரம் பார்க்க வருகிறார்கள். சுற்றிப் பார்ப்பார்கள், பேப்பரைப் புரட்டுவார்கள், வேலை பார்க்கிறவர்களிடம் கேள்வி கேட்பார்கள், படுத்துக் கிடக்கிற நோயாளியையும் விசாரிப்பார்கள். நூற்றுக்கு எழுபது வாங்கினால் தேசியத் தரச் சான்று. நான் அஞ்சாங்கிளாஸ் கணக்கில் வாங்கியது பன்னிரண்டு. அதனால் எனக்குப் பயமில்லை, பழகிய இடம்தான்.

கட்டடத்துக்கே காய்ச்சல் வந்துவிட்டது. பிரசவ வார்டுக்கு ரோஸ் பெயின்ட் அடிக்கிறார்கள். பார்மசி அண்ணாச்சி தன் மேசை காலியாகத் தெரிய வேண்டுமென்று, மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த இந்த டைரியை என் பக்கம் தள்ளிவிட்டார். சும்மா வந்ததை ஏன் விட வேண்டும்? எழுதுகிறேன்.

பிரசவ வார்டின் தலைமை நர்சு ஜெயசீலி சிஸ்டர். சாயங்காலம் துப்புரவு ஆட்கள் எங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, முதலில் என்னிடம் பாடம் கேட்டார்.

"மாடத்தி, ரத்தம் பட்ட பஞ்சு எதுல போடணும்?"

"மஞ்சப் பையில சிஸ்டர்."

"குளுக்கோஸ் குழாய்?"

"செவப்புல."

"ஊசி?"

"வெள்ளப் பெட்டியில. யாரையும் குத்தாம, மூடி போட்டு, பொண்ண மாமியா வீட்டுக்கு அனுப்புத மாதிரி பதவிசா அனுப்பணும்."

"மாமியா வீடெல்லாம் ஒன்னக் கேட்டேனா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஒன் வாய நெனச்சாதான் எனக்குப் பிரஷர் ஏறுது."

சுவரில் புதுப் பலகை மாட்டியிருக்கிறார். இந்த வருடம் ஊழியர் எத்தனை பேருக்கு ஊசி குத்தியது என்பதற்கு நேராக ஒரு பெரிய பூஜ்யம். அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

ஊசி போடுகிற வெள்ளைப் பெட்டிகளும் புதிதாக வந்திருக்கின்றன. தொட்டால் வழுக்குகிறது, அவ்வளவு பளபளப்பு. வெள்ளிக்கிழமை காலையில்தான் வெளியே எடுக்க வேண்டுமென்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார் சிஸ்டர். தீபாவளிச் சட்டையைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் வைக்கிற மாதிரி.

நவம்பர் 5, செவ்வாய்

கை கழுவுவது எப்படி என்று பாடம். ஐம்பது வயதை எட்டப் போகிறேன், இப்போதுதான் தெரிகிறது, எனக்குக் கை கழுவத் தெரியாது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, முட்டி, கட்டைவிரல், நகம். சொல்லிக் கொடுத்தது ரிஸ்வானா, ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற சின்ன நர்சு. தகப்பன் போன பிறகு வீடு அவள் தலையில்தான். "கட்டைவிரலத்தான் எல்லாரும் விட்டுருதாங்க எக்கா" என்றாள். "தெனமும் வருகை மெஷின்ல அமுக்கி அமுக்கி அதுக்கு ரோசம் வந்திட்டு, அதான் ஒளியுது" என்றேன். சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

நவம்பர் 6, புதன்

காலையில் அடுத்தடுத்து மூன்று பிரசவம். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். வார்டில் ரிஸ்வானா ஒருத்திதான். பழைய வெள்ளைப் பெட்டி வாய் வரை நிரம்பிக் கிடந்தது. புதியவை அலமாரியில், சிஸ்டரோ சாவியோடு மீட்டிங்கில். பிள்ளையின் தலை தெரிகிற நேரத்தில் கையில் இருக்கிற ஊசியை அவள் எங்கே வைப்பாள்? பஞ்சோடு பஞ்சாக மஞ்சள் பையில் போட்டுவிட்டாள்.

பையின் வாயைக் கட்ட அமுக்கினேன். கையுறையைத் தாண்டி இடது கட்டைவிரல் அடியில் சுருக்கென்றது. எறும்பு கடித்த மாதிரிதான். ஒரு சொட்டு ரத்தம். குழாயில் காட்டினேன், நின்றுவிட்டது.

ரிஸ்வானா பார்த்துவிட்டாள். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"எக்கா, அது யாருக்குப் போட்ட ஊசின்னே தெரியல. ஒரு அம்மா செக்கப்புக்கே வந்ததில்ல. ரத்தப்போக்குன்னு டெஸ்ட் எடுக்கதுக்கு முந்தியே ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. நம்பிக்கை மையத்துக்கு வாங்க, இப்பவே போவோம்."

எச்ஐவி பரிசோதிக்கிற அறைக்கு அரசாங்கம் வைத்த பெயர் நம்பிக்கை மையம். தினமும் அதைத் துடைக்கிறவள் நான்தான். அங்கே யார் படியேறினாலும் வாசல் டீக்கடை வரைக்கும் தெரிந்துவிடும்.

"மூணு நாளைக்குள்ள மாத்திர ஆரம்பிச்சா, கிருமி இருந்தாலும் தடுத்திரலாம் எக்கா. சனிக்கிழம காலையத் தாண்டிட்டா மாத்திரையும் கேக்காது."

போனால் யார் போட்ட ஊசி என்று கேட்பார்கள். அடுத்த மாதம் இவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியது சிஸ்டர். சிஸ்டரின் பூஜ்யம் சுவரில் தொங்குகிறது.

"நீ ஒண்ணும் பாக்கல, எனக்கு ஒண்ணும் குத்தல" என்றேன். "போட்டீ, அங்க ஒரு பிள்ள பெறந்து ஒன்னக் காணோம்னு கத்துது."

இன்று வேறு விசேஷம் இல்லை.

நவம்பர் 7, வியாழன்

நாளைக்குப் பரீட்சை என்பதால் எங்கேயும் உட்காரவில்லை. தாழ்வாரத்தைத் துடைத்தேன். காய்வதற்குள் திரும்பவும் துடைத்தேன். நம்பிக்கை மையத்தையும் இரண்டு தடவை துடைத்தேன். அங்கே ஆலோசனை சொல்கிற அருள்மணி சார் கம்ப்யூட்டரில் இருந்து நிமிர்ந்து, "என்னக்கா, ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"ஆமா சார். ஒங்களுக்குக் கல்யாணம் எப்போ?"

"அத எங்கம்மா கேட்டாப் போதும்."

ரிஸ்வானா என் பின்னாலேயே சுற்றுகிறாள். கண் சிவந்து கிடக்கிறது. பெயின்ட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை போல.

வீட்டில் பேத்தி பவி என் தட்டில் இருந்துதான் சாப்பிடுவாள். நேற்றில் இருந்து அவள் அம்மாவை ஊட்டச் சொல்கிறேன். எனக்குச் சளி. என் தம்ளரையும் ஜன்னல் பக்கம் தனியாக வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் சிவனணைஞ்சான், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், எதையும் கவனிக்க மாட்டார். கவனிக்கக் கூடாததை மட்டும் கவனிப்பார்.

"ஏட்டி, சளிங்க. ஒரு தும்மலில்ல, இருமலில்ல. என்ன சளி இது?"

"இது உள்சளி."

"கைய எத்தன வாட்டிதான் கழுவுவ? தோலு உரிஞ்சிரப் போகுது."

"நாளைக்குப் பரீட்சை, படிக்கேன். நீங்களும் அந்தக் காலத்துல இப்படிப் படிச்சிருந்தா லாரிக்கே மொதலாளி ஆயிருப்பீங்க."

பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டேன். அவர் குறட்டை விடுவார். கல்யாணம் ஆன நாளில் இருந்து விடுகிறார். இப்போதுதான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

வந்துவிட்டார்கள். ஒருவர் வடக்கே இருந்து வந்த நெட்டையான ஆள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேப்பர் பேப்பராகப் பார்த்தார். இன்னொருவர் லீலாம்மா டாக்டர், கேரளத்துக்காரர். தலை முழுக்க நரை. தமிழை இழுத்து இழுத்துப் பேசுகிறார், ஆனால் ஒன்றும் தப்பவில்லை. மருந்து டப்பாவைக் கவிழ்த்துத் தேதி பார்த்தார். மெத்தையைத் தூக்கி அடியில் பார்த்தார். கழிப்பறைக் கதவை உள்ளே போய்த் தாழ் போட்டுப் பார்த்தார்.

புது வெள்ளைப் பெட்டிகள் கட்டிலுக்குக் கட்டில் உட்கார்ந்திருந்தன, கல்யாண வீட்டு ஜக்கு மாதிரி.

பிள்ளை பெற்றுப் படுத்திருந்த ஒருத்தியிடம், "இங்க யாராவது கஷ்டப்படுத்தியோ?" என்று கேட்டார்.

அவள் என்னைக் கை காட்டினாள். "இந்தக்காதான் மேடம். தையல் போட்ட எடம் வலிக்க வலிக்கச் சிரிக்க வைக்காங்க."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். மார்க்கைக் கூட்டவா குறைக்கவா, தெரியவில்லை.

பிறகு என்னிடம் வந்தார். "மஞ்சக்காமாலைக்குத் தடுப்பூசி போட்டாச்சோ?"

"போட்டாச்சு டாக்டர்."

"மூணும்?"

"ரெண்டு. மூணாவது நாளைக்குன்னு காண்ட்ராக்டர் சொன்னாரு. அந்த நாளை இன்னும் விடியல."

நெட்டையான ஆளுக்கு யாரோ அதை இந்தியில் சொல்ல, அவரும் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

அப்புறம் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றார்கள். சிஸ்டர் முகத்தில் ஒரு வெளிச்சம். "ஒண்ணுகூட இல்ல டாக்டர். முழு பூஜ்யம்."

லீலாம்மா டாக்டர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தனை பிரசவம், இத்தனை ஊசி. யாருக்கும் குத்தலையா? அப்ப ஒண்ணு, இங்க யாரும் வேலை செய்யறதில்ல. இல்லன்னா, யாரும் சொல்றதில்ல." வடக்கத்தி ஆள் எதையோ அடித்து எழுதினார். குத்தினால் மார்க் போகாதாம். குத்தியதைச் சொல்லாமல் இருந்தால்தான் போகுமாம்.

துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். தரை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் சிஸ்டர் என்னை ஸ்டோர் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வியர்த்து நனைந்திருந்தார்.

"மாடத்தி, நீ எனக்கு ஒரு ஒத்தாச பண்ணணும். ஒரு ஊசிக்குத்து வேணும்."

"எத்தன கிலோ சிஸ்டர்?"

"வெளையாடாத. போன மாசம் ஒனக்கு ஊசி குத்திச்சு. ஒடனே எங்கிட்ட வந்து சொன்ன. கழுவச் சொன்னேன், டெஸ்ட் எடுத்தோம், ஒண்ணுமில்லன்னு வந்திட்டு. அம்புட்டுதாம். பேப்பரெல்லாம் நான் தயார் பண்ணிருதேன். பலகைக்கு எழுதினவன் விட்டுட்டான்னு சொல்லிக்கலாம். நாளைக்குக் காலையில அந்தம்மா கேட்டா இத மட்டும் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. பினாயில் கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ரொம்பச் சிரித்தால் எனக்கு அப்படித்தான்.

"என்னட்டி, ஏன் இப்படிச் சிரிக்க? சரியா, இல்லையா?"

"சரி சிஸ்டர்."

யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். குத்தியது நிஜம், தேதி மட்டும்தான் பொய். எனக்கு ஒன்றுமில்லை என்று பேப்பரே சொல்லிவிடும். சிஸ்டருக்கு மார்க், ரிஸ்வானாவுக்கு வேலை.

கேட்டில் ரிஸ்வானா பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையோட முடிஞ்சிரும் எக்கா. நான் போய்ச் சொல்லிரட்டா?"

"சொன்னேன்னா ஒங்கிட்டப் பேச மாட்டேன்."

"ஒங்களால முடியாது எக்கா."

அதுவும் சரிதான். என்னால் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்க முடியாது. பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். நிறுத்தம் தாண்டி இறங்கித் திரும்பி நடந்தேன். காற்று நன்றாக இருந்தது.

நவம்பர் 9, சனி

காலையில் இட்லி இறங்கவில்லை. மகள் மாவை அரைத்த லட்சணம் அப்படி. பவி முத்தம் கேட்டு முகத்தைக் கொண்டுவந்தாள். தலையைத் தடவிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததுமே லீலாம்மா டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். வார்டுக்கு நடுவில் வைத்துக் கேட்டார். சிஸ்டர் எனக்குப் பின்னால் நின்றார். ரிஸ்வானா ஒரு பிள்ளைக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் குத்தியது, சிஸ்டரிடம் சொன்னேன், கழுவினேன், டெஸ்ட் எடுத்தேன். பிசகாமல் ஒப்பித்துவிட்டேன்.

"நல்லது. எந்தக் கை?"

"எடது."

"கழுவினது எப்படி? காணிக்கணும்."

அது எனக்குத் தெரிந்த பாடம். குழாயைத் திறந்தேன், சோப்பு போட்டேன். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு. கட்டைவிரலுக்கு வந்ததும் சோப்பு சுரீரென்று பிடித்தது. நான் சிரித்துக்கொண்டேதான் தேய்த்தேன். டாக்டர் குழாயை மூடினார். என் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரல் அடியில் தோலே இல்லை. செக்கச்செவேலென்று புண். மூன்று நாளாக நான் அந்த இடத்தை என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"அம்மா, இது போன மாசத்துக் குத்தோ?"

"ஆமான்னு சொல்லு" என்று பின்னால் சிஸ்டரின் மூச்சு கேட்டது.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "புதன்கெழம" என்று வந்தது.

எடை பார்க்கிற கருவி டிக்கென்று சத்தம் போட்டது.

"யார் போட்ட ஊசி?"

"தெரியாது டாக்டர். எனக்கு ஊசியோட பழக்கமில்ல, பேரு கேக்கல."

"நாந்தான் போட்டேன்" என்றாள் ரிஸ்வானா. பிள்ளையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். "மஞ்சப் பையில நாந்தான் போட்டேன். எக்காகிட்ட மொதல்லயே சொன்னேன், மாத்திர எடுக்கச் சொல்லி. எனக்காகத்தான் வரல."

சிஸ்டர் கத்தப் போகிறார் என்று நான் முதுகை இறுக்கிக்கொண்டேன். சட்டைப் பையில் இருந்து அலமாரிச் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"அவளுக்குப் போட எடமில்ல டாக்டர். புதுப் பெட்டிய உங்களுக்குக் காட்டணும்னு பூட்டி வெச்சது நான். இவள நேத்து பொய் சொல்லச் சொன்னதும் நாந்தான். ரெண்டையும் எழுதிக்கிடுங்க."

வடக்கத்தி ஆள் பேனாவைத் திறந்தார். லீலாம்மா டாக்டர் அதை மூடச் சொன்னார். "எழுத்து பின்னே. முதல்ல மாத்திரை. நேரம் இருக்கா?"

ரிஸ்வானா புதன்கிழமையில் இருந்து எண்ணிக்கொண்டே இருந்திருப்பாள் போல. "இருக்கு டாக்டர், இருக்கு, கொஞ்சம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் சிஸ்டர், டாக்டர், நெட்டையான ஆள். நம்பிக்கை மையத்துக்கு இப்படி ஊர்வலமாகப் போனவள் நான் ஒருத்திதான். டீக்கடைக்காரன் வடையைத் தீயவிட்டான்.

அருள்மணி சார் ரத்தம் எடுத்தார், மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். ஆறு வாரம் கழித்துத் திரும்பவும் ரத்தம்.

"வியாழக்கெழமையே கேட்டேனேக்கா, ஏதாவது கேக்கணுமான்னு."

"நீங்க என் கேள்விக்கு பதில் சொல்லலையே சார்."

மாத்திரை பெரிது. தண்ணீர் பிடித்துக் கொடுத்தது சிஸ்டர்.

வீட்டில் சொல்லிவிட்டேன். மகள் அழுதாள். அவர் ஆட்டோவைத் துடைக்கப் போனார். இருட்டும் வரை துடைத்தார். அந்த ஆட்டோ வாங்கிய அன்றைக்குக்கூட அப்படி மின்னியதில்லை.

நவம்பர் 13, புதன்

வாந்தி. மாத்திரை அப்படித்தான் செய்யுமாம். மகள் தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்குத் தம்பி வேணுமா, தங்கச்சி வேணுமா?" என்று கேட்டேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

நவம்பர் 21, வியாழன்

ஆண்கள் வார்டைக் கூட்டுகிற குருசம்மா, துணி துவைக்கிற இடத்தில் என்னை மடக்கினாள். அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, "எக்கா, எனக்கும் போன வருசம் ஒருக்கா குத்திச்சு. எம் புருசனுக்குக்கூடத் தெரியாது" என்றாள். கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். சாயங்காலம் லேப் பையன். பிறகு, பெயரை எழுத மாட்டேன், ஒரு டாக்டர்.

"என்னக்கா, ஆள் பிடிச்சுக் கொண்டாரீங்க. கமிஷன் கேப்பீங்க போலயே" என்றார் அருள்மணி சார்.

ஒப்பந்த ஆட்கள் எல்லாருக்கும் மூன்றாவது தடுப்பூசியும் போட்டுவிட்டார்கள்.

டிசம்பர் 10, செவ்வாய்

மாத்திரை போன வாரமே முடிந்தது. வாய்க்கு ருசி திரும்பிவிட்டது. மகளின் மாவு அப்படியேதான் இருக்கிறது.

பரீட்சை முடிவு வந்தது. பாஸ்தான், ஆனால் நிபந்தனையோடு. ஊழியர் பாதுகாப்பைச் சரி செய்து காட்டினால்தான் முழுச் சான்று. சிஸ்டருக்கு மேலிடத்தில் இருந்து மெமோ. அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, அதே பேனாவால் ரிஸ்வானாவின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பலகையில் 'இந்த வருடம்' என்பது 'இதுவரை' ஆகிவிட்டது, பூஜ்யம் இருந்த இடத்தில் இப்போது ஐந்து என்று இருக்கிறது. அவரே ஸ்டூல் போட்டு ஏறி எழுதினார். நான் எண்ணினால் நாலுதான் வருகிறது, என் கணக்கு தெரிந்ததுதானே.

டிசம்பர் 18, புதன்

இன்றைக்கு ரத்தம் கொடுக்கிற நாள். நம்பிக்கை மையத்து பெஞ்சு இத்தனை கடினம் என்று தெரியாது. எத்தனை வருடமாகத் துடைக்கிறேன், உட்கார்ந்தது இல்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "கட்டெறும்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். அருள்மணி சார் கதவை மூடினார். என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். ஒன்றுமில்லை. பிப்ரவரியில் ஒரு தடவை பார்த்துவிட்டால் முடிந்தது.

ஏதாவது கேலியாகச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அவரே ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து நீட்டினார், முகத்தைத் துடைக்க.

வெளியே வந்தால் பெஞ்சில் ஜெயசீலி சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். என்னைத் தேடி வந்தார் என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர், ஒண்ணுமில்ல!" என்றேன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். எழுந்திருக்கவில்லை. கையில் டோக்கன் இருந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வேலைக்குச் சேந்த புதுசுல" என்றார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஒரு பேஷண்டுக்குப் போட்ட ஊசி. அந்த ஆளு அடுத்த மாசம் இந்த நோயிலதான் செத்தாரு. அப்ப யாருட்டயும் சொல்லல. டெஸ்டும் எடுக்கல. பயம். அந்த வருசம்தான் எனக்கு நிச்சயம் பண்ணியிருந்தாங்க."

சிஸ்டருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று இந்த ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நானே மூன்று கதை கட்டிவிட்டிருக்கிறேன்.

"இத்தன வருசத்துல ஒண்ணும் வரலேல்லா சிஸ்டர்? வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்படித்தாம்ட்டி தெனமும் காலையில நெனப்பேன்."

உள்ளே இருந்து டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சிஸ்டர் கேட்காதவர் மாதிரி சுவரைப் பார்த்தார். இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். அவர் கை என் முந்தானையைப் பிடித்திருந்தது. பெரியவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் பொறுங்க" என்று உள்ளே கேட்கிற மாதிரி சொன்னேன். "சிஸ்டர் செருப்பு மாட்டுதாங்க."

செருப்பு அவர் காலில்தான் இருந்தது.